முதல் ஐரோப்பியப் பயணம்: ஊரைக் குறைத்து இரவைக் கூட்டுங்கள்

ஒரு மாலை நேரம், பாளையங்கோட்டையில் இருக்கும் எங்கள் பயண ஏற்பாட்டு அலுவலகத்துக்கு ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதி ஒருவர் வந்தார்கள். திருமணமாகி நாற்பது வருடம் ஆகிறது, மகன் பணம் தருகிறான், ஐரோப்பா பார்க்க வேண்டும். இருவருக்கும் இதுதான் முதல் வெளிநாடு. சார் ஒரு நோட்டுத் தாளை மேசையில் விரித்தார். பாரிஸ், புரூசல்ஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன், சூரிக், லூசர்ன், மிலான், வெனிஸ், ஃபுளோரன்ஸ், ரோம். பத்து ஊர், பதினோரு இரவு. ஒவ்வொன்றுக்கும் எதிரே அழகான கையெழுத்தில் தேதி போட்டிருந்தார்.

"போறதே ஒரு தடவ தம்பி, எல்லாத்தையும் பாத்துட்டு வந்துரணும்லா?"

இந்த ஒரு வரியைத்தான் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். முதல் பயணம் கெட்டுப்போவதற்குப் பணப் பற்றாக்குறையை விட இந்த எண்ணமே காரணமாக இருப்பதை நிறையப் பார்த்துவிட்டேன்.

நம் ஊருக்கு வரும் விருந்தாளிகளை நினைத்துப் பாருங்கள். சென்னையிலிருந்து மச்சான் குடும்பம் வருகிறது. ஒரே நாளில் நெல்லையப்பர் கோயில், குற்றாலம், திருச்செந்தூர், முடிந்தால் கன்னியாகுமரியில் சூரிய அஸ்தமனம் என்பார்கள். நமக்குச் சிரிப்பு வரும், ஏனென்றால் குற்றாலம் ஒரு பக்கம், திருச்செந்தூர் நேர் எதிர்ப்பக்கம் என்று நமக்குத் தெரியும், மத்தியானம் நெல்லையப்பர் கோயில் நடை சாத்தியிருக்கும் என்றும் தெரியும், இருட்டுக்கடையில் அல்வா வாங்க வேண்டுமென்றால் சாயந்திரம்தான் போய் நிற்க வேண்டும் என்பதும் தெரியும். பாரிஸுக்கும் ரோமுக்கும் போகும்போது நாம்தான் அந்த மச்சான் குடும்பம். வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் தெரியும், நடுவில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

நடுவில் இருப்பது பெட்டி தூக்குவது. பாரிஸிலிருந்து சுவிட்சர்லாந்தின் லூசர்ன் போகும் நாளை அவர்களுக்கு மணி வாரியாக எழுதிக் காட்டினேன். காலை 8 மணிக்கு ஓட்டல் அறையைக் காலி செய்ய வேண்டும். மெட்ரோவில் போனால் படிக்கட்டு, பாரிஸ் மெட்ரோவில் பல நிலையங்களில் லிஃப்ட் கிடையாது. கார் த லியோன் நிலையத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பாவது போய்விட வேண்டும். பாசல் வரை டிஜிவி என்ற அதிவேக ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம், அங்கே இறங்கி வேறு நடைமேடைக்கு ஓட வேண்டும், லூசர்னுக்கு இன்னும் ஒரு மணி நேரம். ஓட்டலைக் கண்டுபிடித்து, சாவி வாங்கி, முகம் கழுவி, சாப்பிட எதையாவது தேடி உட்காரும்போது மணி நாலரை. ரயில் பயணம் நாலு மணி நேரம்தான், போனதோ முழுப் பகல். பத்து ஊர் என்றால் இப்படி ஒன்பது நாள். பதினோரு இரவுப் பயணத்தில் மிச்சம் என்ன இருக்கிறது என்று கேட்டேன். சார் விரல் விட்டு எண்ணிவிட்டுப் பேசாமல் இருந்தார்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தொழில் தொடங்கிய புதிதில் ஒரு குடும்பத்துக்கு எட்டு இரவில் ஆறு ஊர் போட்டுக்கொடுத்தேன். நாலாவது நாள் இரவு அவர்கள் வீட்டுப் பெரியம்மாவின் காலைப் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். செருப்பு நுழையாத அளவுக்கு வீக்கம். ஓட்டலில் லிஃப்ட் இல்லாமல் 28 கிலோ பெட்டியை மூன்று மாடி இழுத்திருக்கிறார்கள். அதோடு நான் செய்த இன்னொரு தப்பு, பாரிஸில் இறங்கி ரோமில் முடியும் பயணத்துக்குத் திரும்பும் டிக்கெட்டையும் பாரிஸிலிருந்தே போட்டது. கடைசி நாளில் வந்த வழியே திரும்பிப் பறக்க வேண்டியதாகிவிட்டது. அதற்கப்புறம் யாருக்கும் அப்படிப் போட்டதில்லை. ஒரு ஊரில் இறங்கி இன்னொரு ஊரிலிருந்து கிளம்பும் மல்டி சிட்டி டிக்கெட் கேளுங்கள். பல நேரம் சாதாரணப் போக வர டிக்கெட்டின் விலையிலேயே வரும், கொஞ்சம் கூடினாலும் ஒரு நாளையும் ஒரு விமானச் செலவையும் மிச்சப்படுத்தும்.

சரி, எந்த ஊர்களை விடுவது? பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாக அடிக்கச் சொன்னால் யாருக்கும் மனசு வராது. நான் வேறு மாதிரி கேட்பேன். எதைப் பார்க்காமல் வந்தால் வருத்தமாக இருக்கும், ஆளுக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள். சார் பனியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றார். அம்மா அதுவரை ஒன்றும் பேசவில்லை. தாளைத் திருப்பி வைத்துவிட்டு, "ராயப்பர் பேராலயத்துல போப்பாண்டவரைத் தூரத்துல இருந்தாவது பாக்கணும் தம்பி" என்றார். புனித பேதுருவின் அந்தப் பேராலயம் ரோமுக்குள் இருக்கும் வத்திக்கானில் இருக்கிறது. அந்தத் தாளில் ரோமுக்கு ஒரே ஒரு இரவு ஒதுக்கியிருந்தார்கள், அதுவும் சனிக்கிழமை.

போப்பாண்டவர் மக்கள் முன் வரும் பொது மறைக்கல்வி உரை வழக்கமாகப் புதன்கிழமை காலையில் நடக்கும், அனுமதிச் சீட்டு இலவசம். ஜூலையில் பொதுவாக இருக்காது. ஆகவே எங்கள் திட்டம் ரோமில் ஒரு புதன்கிழமையில் தொடங்கிப் பின்னோக்கி நகர்ந்தது. ரோமில் செவ்வாய், புதன், வியாழன் என மூன்று இரவு. புதன் காலை மறைக்கல்வி உரை, அது முடிந்தபின் மத்தியானம் பேராலயத்துக்குள், வியாழன் வத்திக்கான் அருங்காட்சியகம். அதற்கு முன்னால் இரண்டு இரவுக்கு ஃபுளோரன்ஸ் போடலாம் என்று பார்த்தால் அங்கே கிடைக்கும் ஒரே முழு நாள் திங்கள், உஃபிட்சி ஓவியக்கூடத்துக்குத் திங்கள் விடுமுறை. அதனால் வெனிஸ். அதற்கு முன்னால் லூசர்ன் மூன்று இரவு, அதற்கு முன்னால் பாரிஸ் திங்கள் முதல் மூன்று இரவு. லூவர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை, புதன்கிழமை இரவு 9 மணி வரை திறந்திருக்கும், அதைப் புதனில் வைத்தோம். நாலு ஊர், அதே பதினோரு இரவு. எந்த ஊரில் எது எந்தக் கிழமை சாத்தியிருக்கும் என்று பார்க்காமல் தேதி போடாதீர்கள். வத்திக்கான் அருங்காட்சியகம் மாதக் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் கிடையாது.

லூசர்னுக்கு எதற்கு மூன்று இரவு என்று சார் கேட்டார். மலைக்காகத்தான். டிட்லிஸ் மலை 3,000 மீட்டருக்கு மேல், லூசர்னிலிருந்து ரயிலில் எங்கல்பெர்க் போய் கேபிள் காரில் ஏற வேண்டும். மேகம் மூடியிருந்தால் மேலே போய் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா என்று கேட்டுவிட்டுத்தானே கிளம்புகிறோம்? அது மாதிரி அங்கேயும் மலை உச்சிக் கேமராவை இணையத்தில் காலையில் பார்த்துவிட்டு இன்றைக்கா நாளைக்கா என்று முடிவு செய்ய இரண்டு பகல் கையில் வேண்டும்.

விசாவில் பலர் சறுக்குவது ஒரு இடத்தில். பாரிஸில்தானே இறங்குகிறோம், பிரான்ஸுக்குப் போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். பல ஐரோப்பிய நாடுகளுக்கும் சேர்த்து ஒன்றாகக் கிடைக்கும் ஷெங்கன் விசாவை அதிக நாள் தங்கும் நாட்டுக்குத்தான் போட வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால்தான் முதலில் நுழையும் நாடு. இவர்களுக்கு பிரான்ஸ் மூன்று, சுவிஸ் மூன்று, இத்தாலி ஐந்து, ஆகவே இத்தாலி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாளாவது இருக்க வேண்டும், ஆனால் 15 நாள் கணக்கை நம்பி யாரும் உட்கார்ந்திருக்க வேண்டாம், கோடையில் விரல் ரேகை கொடுக்க நேரம் கிடைப்பதே பெரும்பாடு. நேரில் சென்னை போக வேண்டும், ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி மறுநாள் ராத்திரி திரும்பிவிடலாம். 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். வங்கிக் கணக்கில் விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் திடீரென்று ஐந்து லட்சம் வந்து விழுந்திருந்தால் கேள்வி வரும். மகன் அனுப்புகிறார் என்றால் மகனே கடிதம் கொடுத்து அவர் கணக்கு விவரத்தையும் வைப்பதுதான் நேர்வழி.

இனி பெயர். நம் பக்கத்து ஆட்களுக்கு இது தனிப் பாடு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இன்ஷியல்தான். பாஸ்போர்ட்டில் சிலருக்கு அப்பா பெயர் சர்நேம் இடத்தில் இருக்கும், சிலருக்கு அந்த இடமே காலியாக இருக்கும். அம்மாவின் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும், சர்நேம் காலி. இந்த மாதிரிப் பாஸ்போர்ட்டுக்கு டிக்கெட் எப்படிப் போட வேண்டும் என்பது ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் ஒரு மாதிரி, போடுவதற்கு முன்னால் கேட்டுவிட வேண்டும். திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடா வழியாகப் போகிறவர்கள் துபாயில் இறங்கி இரண்டு நாள் சுற்றலாம் என்று திட்டமிட்டால் இன்னும் கவனம் வேண்டும், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவுக்கு அமீரகம் 2022 நவம்பரில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ரோமில் இருக்கும் பழைய அரங்கமான கொலோசியத்தின் டிக்கெட்டுகூடப் பெயர் போட்டுத்தான் வருகிறது, வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நேரம் இருந்தால் பாஸ்போர்ட்டிலேயே பெயரைச் சரிசெய்துவிடுவது எல்லாவற்றையும்விட நல்லது. பயணம் முடிந்து வெளியேறும் நாளிலிருந்து மூன்று மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக இருக்க வேண்டும், அதையும் இப்போதே எடுத்துப் பாருங்கள்.

இறங்கிய உடனே ரயில் பிடிப்பது போல எதையும் வைக்காதீர்கள். 2025 அக்டோபரிலிருந்து ஐரோப்பிய எல்லையில் முத்திரைக்குப் பதிலாக விரல் ரேகையும் முகப்படமும் பதியும் முறை தொடங்கியிருக்கிறது, முதல் முறை நுழைகிறவர்களுக்கு வரிசை நீளும். முதல் நாளை ஓட்டல், குளியல், பக்கத்துத் தெருவில் ஒரு நடை, அதோடு விட்டுவிடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி எல்லாரும் பயப்படுகிறார்கள், அவ்வளவு பயம் வேண்டாம். பாரிஸில் லா ஷப்பேல் மெட்ரோவில் இறங்கினால் ஈழத் தமிழர் கடைகள்தான், தமிழிலேயே பலகை, தோசையும் கொத்துப் பரோட்டாவும் கிடைக்கும், பக்கத்தில் மாணிக்க விநாயகர் ஆலயமும் இருக்கிறது. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் எடுத்துக்கொண்டு போங்கள். நெய், பால்கோவா மாதிரிப் பால் பொருட்களும், எந்த இறைச்சியும் வேண்டாம், நம்மைப் போல வெளியிலிருந்து வருகிறவர்கள் அவற்றை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை இருக்கிறது. சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள், பெட்டியில் வேண்டாம்.

பெட்டி ஆளுக்கு ஒன்று, தனியாகத் தூக்கி ஒரு மாடி ஏற முடிகிற எடை. வீட்டு மாடிப்படியிலேயே ஏறிப் பார்த்துவிடலாம். ரோமின் தெருக்களில் கருங்கல் பதித்திருப்பார்கள், சக்கரம் உருளாது, புதுச் செருப்பு காலைக் கடித்துவிடும். இரண்டு மாதம் போட்டுப் பழகிய ஷூவோடு போங்கள். ஒரு நாளைக்கு ஏழெட்டு கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும்.

இவர்கள் செப்டம்பரில் கிளம்புகிறார்கள். சார் அந்தப் பழைய தாளைக் கிழிக்கவில்லை, பின்பக்கத்தில் புதுத் திட்டத்தை அதே கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். இரண்டு பேரும் காலை ஐந்தரைக்கு வ.உ.சி. மைதானத்தில் நடக்கிறார்கள். அம்மா ஷூ போட்டு நடப்பது இதுதான் முதல் தடவை, நாலு சுற்று வரை வந்திருப்பதாகப் போன வாரம் போனில் சொன்னார்.