டியூப்லைட்டுக்கு ஒரு மதகு

குறுவைக்குத் தண்ணீர் இறைக்கும் மாதங்களில், மன்னார்குடிப் பக்கத்து எங்கள் ஊரில் சாயங்காலமானால் வோல்டேஜ் இறங்கிவிடும். கூடத்து டியூப்லைட் இரண்டு முனையிலும் சிவந்து சிவந்து அணையும், பற்றவே பற்றாது. அப்பா ஸ்டூலில் ஏறி ஸ்டார்ட்டரைத் திருகித் திருகிப் பார்ப்பார். குற்றம் ஸ்டார்ட்டர் மேல் இல்லை என்பது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது.

குழாய்க்குள் இருப்பது கொஞ்சம் ஆர்கான் வாயுவும் துளிப் பாதரசமும். சும்மா கிடக்கும்போது அதில் கரண்ட் பாயாது. பாயத் தொடங்கிவிட்டாலோ பிடித்து நிறுத்த முடியாது. ஆற்றங்கரை உடைப்பெடுத்ததைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். தண்ணீர் பாயப் பாய உடைப்பு அகலும், அகல அகல இன்னும் பாயும். டியூபிலும் அப்படித்தான்: கரண்ட் கூடக் கூட வாயுவின் தடை குறைந்துகொண்டே போகும். 230 வோல்ட்டை நேரே கொடுத்தால், பற்றிய டியூப் நொடியில் கெட்டுவிடும். ஓட்டத்தை அளந்து விட ஒரு மதகு வேண்டும். அதுதான் சோக்.

சோக்கைப் பிரித்தால் மெல்லிய இரும்புத் தகடுகளின் அடுக்கும் அதைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருளும் இருக்கும். மின்சாரம் நொடிக்கு 50 சுற்று திசை மாறி மாறி ஓடுகிறது; சுருளோ ஓட்டத்தின் எந்த மாற்றத்தையும் எதிர்க்கும். அதனால் 36 வாட் டியூபில் கரண்ட் சுமார் 0.43 ஆம்பியரோடு நின்றுவிடும். ரெசிஸ்டர் போட்டும் கட்டுப்படுத்தலாம்தான். ஆனால் 50 வாட்டுக்கு மேல் வெறும் சூடாகவே போய்விடும், டியூப் எடுப்பதைவிட அதிகம்! சோக்கில் வீணாவது 10 வாட் அளவுதான். ராத்திரி கேட்கும் அந்த 'உம்ம்' சத்தம், காந்த விசையில் அந்தத் தகடுகள் நொடிக்கு 100 முறை அதிர்வது.

சரி, பற்றவைப்பது யார்? அதுவும் சோக்தான். சுவிட்சைப் போட்டதும் ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் சின்னக் கண்ணாடிக் குமிழ் ஒளிர்ந்து சூடாகும். உள்ளிருக்கும் இரட்டை உலோகப் பட்டை வளைந்து தொடும். டியூபின் முனைகளில் உள்ள இழைகளில் கரண்ட் ஓடி அவை சிவக்கும். தொட்டதும் குமிழ் அணைவதால் பட்டை ஆறி விலகும். அந்தக் கணம்தான் முக்கியம். ஓடுகிற பம்ப்செட்டில் வால்வைப் பட்டென்று மூடினால் பைப் எகிறுமே, அதுபோல ஓட்டம் அறுந்த வேகத்தில் சோக் பல நூறு வோல்ட்டை எத்திவிடும். வாயு பற்றிக்கொள்ளும். பாதரசம் உமிழும் புற ஊதாக் கதிரை உள்பூச்சு வெள்ளை வெளிச்சமாக்கும். அப்புறம் ஸ்டார்ட்டரைக் கழற்றினாலும் டியூப் அணையாது.

வோல்டேஜ் குறைந்தால் இழையும் போதிய அளவு சூடேறாது, எத்துக்கும் வலுவிருக்காது. எலக்ட்ரானிக் சோக் மின்சாரத்தை நொடிக்கு 20,000 சுற்றுக்கு மேல் ஓட்டுவதால் அதற்கு ஸ்டார்ட்டரே வேண்டாம்; குறைந்த வோல்டேஜையும் தாங்கும். எங்கள் வீட்டுக்கு அது வரும்வரை, சுற்றுவட்டார மோட்டார்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்த பிறகுதான் கூடத்தில் வெளிச்சம் வந்தது.