செல்வமகள் பணத்தைக் கல்லூரிக்கு எடுக்கப் போகிறீர்களா?

2015-இல் வந்த செல்வமகள் சேமிப்புத் திட்டம் தெரிந்த கதைதான். பத்து வயது நிரம்பாத பெண் குழந்தையின் பேரில் தபால் நிலையத்திலோ வங்கியிலோ கணக்கு, வருடத்துக்கு 250 ரூபாய் முதல் ஒன்றரை லட்சம் வரை, 15 வருடம் கட்ட வேண்டும், வட்டிக்கு வரி கிடையாது. போடும்போது யாரும் கேள்வி கேட்பதில்லை. இழுத்தடிப்பெல்லாம் எடுக்கப் போகும்போதுதான்.

"மகளுக்கு 21 வயசானா மொத்தமும் வரும்" என்று சொல்லித்தான் பலரைச் சேர்த்தார்கள். வயது கணக்கில்லை, கணக்கு தொடங்கி 21 வருடம். ஒன்பது வயதில் தொடங்கியிருந்தால் முப்பதில்தான் முதிர்வு. படிப்புக்குப் பாதிதான் கிடைக்கும். அதுவும் போன மார்ச் 31 அன்று இருந்த இருப்பில் பாதி. ஏப்ரலில் அடித்துப் பிடித்துப் போட்டது இதில் சேராது. ஒன்றரை லட்சம் போட்டு வந்தவருக்குப் பாதியே தாராளம். மாதம் ஆயிரம் போட்ட வீடுதான் மீதிக்குக் கடனுக்கு அலைகிறது.

அடுத்தது கவுன்ட்டர். "ஃபீஸ் கட்டின ரசீது எங்கே?" என்பார்கள். கட்டப் பணம் இருந்தால் இங்கே எதற்கு வரப்போகிறோம்? விதி ரசீது கேட்கவில்லை. சேர்க்கை உறுதியானதற்கான கடிதம், அல்லது எவ்வளவு கட்ட வேண்டும் என்று கல்லூரி தரும் கட்டணச் சீட்டு, இரண்டில் ஒன்று போதும். முடியாது என்றால் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். "பதினெட்டு ஆகட்டும்" என்று திருப்பி அனுப்பினாலும் நகராதீர்கள். பத்தாம் வகுப்பு தேறியிருந்தாலே எடுக்கலாம்.

பதினெட்டு முடிந்துவிட்டால் கையெழுத்து மகளுடையது, ஆதாரும் பான் கார்டும் அவளுடையதே. பாஸ்புக்கில் 'மு. கவிதா', ஆதாரில் 'கவிதா முருகேசன்' என்று இருக்கும். இதைக் கல்லூரி திறக்கும் வாரத்தில் கண்டுபிடித்தால் பெரிய அலைச்சல். பிளஸ் டூ பரீட்சைக்கு முன்பே பார்த்துத் திருத்துங்கள். தாத்தாவோ பாட்டியோ காப்பாளராக இருந்து தொடங்கிய கணக்கு என்றால், 2024 அக்டோபர் முதல் பெற்றோர் அல்லது சட்டப்படியான காப்பாளர் பெயருக்கு அதை மாற்றியாக வேண்டும்.

வரி மிச்சமாகும் என்று இப்போதும் சொல்வார்கள். போடும் பணத்தை வரிக்கான வருமானத்தில் கழித்துக்கொள்ளும் சலுகை, 80சி என்று பழகிப்போனது, பழைய வரி முறையில் மட்டுமே உண்டு. புதிய முறையில் இருப்பவர் போடும் பணத்துக்குச் சலுகை இல்லை, வட்டிக்கு மட்டும்தான்.

போடுவதை மாதம் 5-ஆம் தேதிக்குள் போடுங்கள், தாண்டினால் அந்தப் பணத்துக்கு அந்த மாத வட்டி போச்சு. 250 ரூபாய்கூடக் கட்டாமல் விட்ட வருடம் இருந்தால், வருடத்துக்கு 50 ரூபாய் அபராதத்தோடு 15 வருடம் முடிவதற்குள் சரிசெய்துவிடுங்கள்.