காய்ச்சல் போன பிறகு கழுத்தில் வலியா?

"சளி, காய்ச்சல் எல்லாம் விட்டு ஒரு மாசம் ஆச்சு டாக்டர். இப்போ எச்சில் முழுங்கினாலே காது வரைக்கும் குத்துது" என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் நாற்பது, ஐம்பது வயதுப் பெண்கள். அதற்குள் பல் டாக்டரைப் பார்த்து, ஒரு ரவுண்டு ஆன்டிபயாடிக்கும் முடித்திருப்பார்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் தொண்டை சுத்தமாக இருக்கும். கழுத்தின் முன்பக்கம் லேசாக அழுத்தினால் போதும், என் கையைத் தட்டிவிடுவார்கள். வலிப்பது தைராய்டு.

இதற்கு சப்அக்யூட் தைராய்டிடிஸ், அதாவது தைராய்டு சுரப்பியின் அழற்சி என்று பெயர். சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் டி கெர்வெய்ன் 1904-லேயே இதை விவரித்துவிட்டார். வைரஸ் காய்ச்சல் வந்து இரண்டு முதல் எட்டு வாரத்துக்குள் தலைகாட்டும். கோவிட்டுக்குப் பிறகு இது வந்ததை 2020-ல் இத்தாலியின் பீசா நகர மருத்துவர்கள் முதலில் பதிவு செய்தார்கள். நோயாளி 18 வயதுப் பெண். வலி ஒரு பக்கம் தொடங்கி மறுபக்கம் தாவுவதும் உண்டு.

தைராய்டு சுரப்பி மாதக்கணக்குக்கு வேண்டிய ஹார்மோனைச் சேமித்து வைத்திருக்கும். அழற்சியில் அந்தக் கிடங்கின் சுவர் உடைந்து, சரக்கு மொத்தமும் ரத்தத்தில் கொட்டுகிறது. படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, எடை குறைவு எல்லாம் அதனால்தான். ரிப்போர்ட்டில் தைராய்டு ஹார்மோனான டி4 ஏறி, தைராய்டைச் சுரக்கச் சொல்லித் தூண்டும் டிஎஸ்ஹெச் அடிமட்டத்துக்குப் போயிருக்கும்.

தவறு நடப்பது இங்கேதான். ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து கார்பிமசோல் ஆரம்பித்துவிடுகிறார்கள். அது ஹார்மோன் உற்பத்தியைக் குறைக்கிற மாத்திரை. இங்கே உற்பத்தி கூடவே இல்லையே, இருந்தது கசிகிறது, அவ்வளவுதான். உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈஎஸ்ஆர் ரத்தப் பரிசோதனை பார்த்தால் ஐம்பதைத் தாண்டி, சிலருக்கு நூறுகூட இருக்கும். சந்தேகம் தீராவிட்டால் தைராய்டு ஸ்கேன். அதற்காகக் கொடுக்கிற கதிரியக்க மருந்தைச் சுரப்பி ஏறக்குறைய உறிஞ்சியே இருக்காது.

வலிக்கு ஐபுப்ரோஃபென் வகை மாத்திரை, படபடப்புக்கு ப்ரோப்ரனலால். அதற்கும் அடங்காவிட்டால் ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு தருவோம். அநேகமாக இரண்டே நாளில் வலி போய்விடும். போய்விட்டதே என்று நீங்களாக நிறுத்தினால் திரும்ப வரும். சுகர் உள்ளவர்கள் ஸ்டீராய்டு எடுக்கும்போது சர்க்கரையை அடிக்கடி பார்க்க வேண்டும்.

சில வாரம் கழித்துக் கதை தலைகீழாகும். சேமிப்பு தீர்ந்து, புண்பட்ட சுரப்பியால் புதிதாகச் சுரக்க முடியாமல், டிஎஸ்ஹெச் ஏறும். சோர்வு, மலச்சிக்கல், உடம்பு ஊதல் வரும். சரி, இனி ஆயுசுக்கும் தைராக்சின் (தைராய்டு ஹார்மோன்) மாத்திரைதான் என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலோருக்கு ஒரு வருடத்துக்குள் சுரப்பி தேறிவிடும். நூற்றில் ஐந்து முதல் பதினைந்து பேருக்குத்தான் மாத்திரை நிரந்தரமாகிறது. அதனால் ஆறு வாரத்துக்கு ஒருமுறை பரிசோதனை போதும். கர்ப்பமாக இருப்பவர்களும் குழந்தைக்கு முயல்கிறவர்களும் மட்டும் டிஎஸ்ஹெச் ஏறினால் காத்திருக்கக் கூடாது.

இன்னொன்று. காய்ச்சலுக்குப் பிறகு முடி கொட்டுகிறது என்று பலர் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை போடுகிறார்கள். பல லேப் கருவிகளில் அது டிஎஸ்ஹெச்சைக் குறைவாகவும் டி4-ஐ அதிகமாகவும் காட்டி ஏமாற்றும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிடுங்கள்.