நாட்டுப்படகுக்கு 40 சதவீத மானியத்தில் இன்ஜின்: எத்தனை ஹெச்பி வாங்கலாம்?

தமிழ்நாட்டில் நாட்டுப்படகில் தொழில் செய்கிறவர் படகின் பின்பலகையில் வெளியே மாட்டும் அவுட்போர்டு இன்ஜின் வாங்கினால், விலையில் 40 சதவீதத்தை அரசு மானியமாகத் தருகிறது. அரசு ஆவணங்களில் இதற்கு ‘வெளிப்பொருத்தும் இயந்திரம்’ என்று பெயர். 2023 ஆகஸ்ட்டில் ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் என்ற ஊரில் நடந்த மீனவர் மாநாட்டில், 1,000 படகுகளுக்கு இந்த மானியத்தில் இன்ஜின் வழங்கப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். அப்போதிலிருந்து கடலோர ஊர்களில் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: “மானியம்தான் வருதே, பெருசாவே எடுத்துடலாமா?”

எடுக்க வேண்டாம் என்பதுதான் என் பதில். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

40 சதவீதம் என்பது நீங்கள் வாங்கும் எந்த விலைக்கும் 40 சதவீதம் இல்லை. ஓர் இன்ஜினுக்கு அரசு வைத்திருக்கும் அலகு விலை, அதாவது மானியக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் விலை, 1,20,000 ரூபாய். அதில் 40 சதவீதம், அதாவது 48,000 ரூபாய்தான் உச்சவரம்பு. பில் ஒரு லட்சம் என்றால் 40,000 கிடைக்கும், கைக்காசு 60,000. பில் 2,80,000 என்றாலும் அதே 48,000தான். அப்போது மானியம் 17 சதவீதமாகச் சுருங்கிவிடும், மீதி 2,32,000 ரூபாயை நீங்கள்தான் புரட்ட வேண்டும். அதை ஏலக்காரரிடமோ வியாபாரியிடமோ முன்பணமாக வாங்கினால், பிடித்த மீனை அவர் சொல்கிற விலைக்கே கொடுக்க வேண்டிய நிலை வந்துவிடும். சின்ன இன்ஜினில்தான் இந்தத் திட்டத்தின் முழுப் பலன் கிடைக்கும்.

அடுத்தது எண்ணெய், அதாவது இன்ஜினுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய். நாட்டுப்படகுகளுக்கு மானிய விலையில் தரும் மண்ணெண்ணெய் அளவை, ஆண்டுக்கு 3,400 லிட்டரிலிருந்து 3,700 லிட்டராக உயர்த்துவதாக அதே மாநாட்டில் அறிவித்தார்கள். இது படகுக்கான அளவு. பெரிய இன்ஜின் மாட்டினீர்கள் என்பதற்காகக் கூடுதலாகத் தர மாட்டார்கள். டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் முழு வேகத்தில் ஓடும்போது ஒரு ஹெச்பிக்கு (குதிரைத்திறனுக்கு) மணிக்கு அரை லிட்டர் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். 10 ஹெச்பி என்றால் மணிக்கு 5 லிட்டர். 3,700 லிட்டரில் 740 மணி நேரம் ஓடலாம். வருஷத்துக்கு 200 நாள் தொழில் என்றால் நாளுக்கு மூன்றரை மணி நேரத்துக்கு மேல் வரும். கரையோரத் தொழிலுக்குப் போகவர இது பெரும்பாலும் போதும். 25 ஹெச்பியில் அதே எண்ணெய் 296 மணி நேரத்தில் தீர்ந்துபோகும், நாளுக்கு ஒன்றரை மணி நேரம்கூட வராது. மீதியை வெளிச்சந்தையில் முழு விலை கொடுத்து வாங்க வேண்டும். ஸ்டார்ட் செய்ய பெட்ரோல், கலக்க டூ-ஸ்ட்ரோக் ஆயில் எல்லாம் இதற்கு மேல் தனிச் செலவு.

சரி, படகுக்கு உண்மையில் எவ்வளவு தேவை? 28 அடி ஃபைபர் படகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். வலை, ஐஸ், நாலு ஆள், எண்ணெய், திரும்பும்போது மீன் எல்லாம் சேர்த்து 2 டன் என்று வைப்போம். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் இந்த மாதிரிப் படகுக்கு ஒரு டன்னுக்கு 4 முதல் 5 ஹெச்பி என்பது பொதுவான கணக்கு. ஆக 8 முதல் 10 ஹெச்பி. இதைவிடப் பெரியது போட்டால் வேகம் அதே விகிதத்தில் கூடாது. தண்ணீரில் அமிழும் நீளம் 25 அடி என்றால், அந்தப் படகு சிரமமில்லாமல் போகக்கூடிய வேகம் மணிக்கு ஏறக்குறைய ஆறரை கடல் மைல். அதைத் தாண்ட முயன்றால் அணியம் (முன்பகுதி) தூக்கும், கடையால் (பின்பகுதி) அமிழும், பின்னால் அலை எழும். கூடுதலாக எரிக்கிற எண்ணெயெல்லாம் அந்த அலையை எழுப்பத்தான் போகும். வெறும் படகாகப் போகும்போது 25 ஹெச்பி பறப்பதைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. வலையும் மீனும் ஏறிய பிறகு அந்தப் பறப்பு இருக்காது.

இதே காரணத்தால்தான் இருக்கும் இன்ஜினிலேயே எண்ணெயை மிச்சம் பிடிக்கவும் முடியும். இன்ஜினின் சுற்று வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் மணிக்குச் செலவாகும் எண்ணெய் கிட்டத்தட்ட பாதியாகும். மீன் பிடிக்கும் இடத்துக்குப் போக கொஞ்சம் நேரம் கூடும், அவ்வளவுதான்.

எல்லாருக்கும் 10 ஹெச்பி போதும் என்று சொல்லவில்லை. கிழக்கே சோழமண்டலக் கரையில் அலை உடையும் இடத்தைத் தாண்டித்தான் கடலுக்குள் போக வேண்டும். அங்கே அடுத்த அலை வருவதற்குள் வெளியேற உந்துசக்தி கொஞ்சம் கையிருப்பில் இருக்க வேண்டும். கணக்கில் 8 வந்தால் 9.9 எடுப்பது நியாயம்தான். தூரக் கடலுக்குப் போகிறவர்களுக்கு வேறு யோசனை. கன்னியாகுமரி மேற்குக் கரையில் பலர் 9.9 இன்ஜின் இரண்டை மாட்டிக்கொண்டு போகிறார்கள். நடுக்கடலில் ஒன்று நின்றாலும் மற்றது கரை சேர்க்கும். ஒரே பெரிய இன்ஜினை நம்பிப் போவதைவிட உயிருக்கு இதுதான் பாதுகாப்பு.

எடையையும் பாருங்கள். 10 ஹெச்பி டூ-ஸ்ட்ரோக் 40 கிலோவுக்குள் அடங்கும், தொழில் முடிந்ததும் கழற்றி தோளில் வைத்து மணலில் நடந்துவிடலாம். 40 ஹெச்பி 70 கிலோவைத் தாண்டும், கடையால் பலகையும் அதைத் தாங்க வேண்டும். படகு கட்டிய யார்டில் அதிகபட்சம் எத்தனை ஹெச்பி என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

பலர் கோட்டைவிடுவது ஷாஃப்ட் நீளத்தில், அதாவது இன்ஜினிலிருந்து புரொப்பல்லர் வரை கீழே இறங்கும் தண்டின் நீளத்தில். இன்ஜின் உட்காரும் பலகையின் உயரத்தை மேல் விளிம்பிலிருந்து அடி வரை டேப் வைத்து அளந்து பாருங்கள். 15 அங்குலம் என்றால் ஷார்ட் ஷாஃப்ட், 20 அங்குலம் என்றால் லாங் ஷாஃப்ட். மாட்டிய பிறகு, புரொப்பல்லருக்கு மேலே இருக்கும் தட்டையான தகடு படகின் அடி மட்டத்துக்கோ ஓர் அங்குலம் கீழேயோ நிற்க வேண்டும். மேலே நின்றால் காற்றை இழுத்து வெறுமனே சுற்றும். நன்றாக இறங்கி நின்றால் இழுவை கூடி எண்ணெய் குடிக்கும். அளவை விலைப்புள்ளியிலேயே எழுதச் சொல்லுங்கள். பாரம் ஏற்றும் படகுக்குப் பிட்ச் (ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம்) குறைந்த புரொப்பல்லர் வேண்டும் என்பதையும் டீலரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இனி விண்ணப்பம். உங்கள் பகுதி மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் படகு பதிவாகி, மீன்பிடி உரிமம் நடப்பில் இருக்க வேண்டும். பதிவுச் சான்று, உரிமம், மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், விலைப்புள்ளி ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். படகு இன்னும் காலமான அப்பா பெயரிலேயே இருக்கிறதென்றால் பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள். பதிவில் ‘அ. அந்தோணி’, ஆதாரில் ‘அந்தோணி அ’ என்பது போன்ற சின்ன வித்தியாசத்தையும் இப்போதே சரிசெய்துகொள்வது நல்லது, பணம் கணக்கில் ஏறும் நேரத்தில் அலைய வேண்டாம்.

அலுவலகத்திலிருந்து எழுத்தில் உத்தரவு வருவதற்கு முன் இன்ஜினை வாங்கிவிடாதீர்கள். “பில்லைப் போட்டுடலாம், மானியம் பின்னாடி வந்துடும்” என்று டீலர் சொன்னாலும் பொறுங்கள். எந்த மாடலுக்கு அனுமதி, முன்பு மானியம் வாங்கியிருந்தால் மறுபடி உண்டா என்பதையெல்லாம் அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுங்கள். வாங்கிய பிறகு பில்லில் இருக்கும் இன்ஜின் நம்பரையும் இன்ஜினில் பொறித்திருக்கும் நம்பரையும் ஒத்துப் பார்த்து, அதே நம்பரைப் படகின் பதிவிலும் ஏற்றச் சொல்லுங்கள்.