பட்டம் தருவோம், தீட்சை தரமாட்டோம்

"படிப்பு முடிந்ததும் நானே தீட்சை கொடுக்கலாம் அல்லவா?" சேர்க்கை நேர்காணலில் மறுபடியும் இதே கேள்வி. கேட்டவர் இருந்த நல்ல வேலையையும் விட்டுவிட்டு வந்திருந்தார். ஆன்மிகத்தையும், ஜோதிடம், ரசவாதம் போன்ற மறைஞான மரபுகளையும் முதுகலை மாணவர்களுக்குக் கற்பிக்கிறவருக்கு இதெல்லாம் பழகியிருக்க வேண்டும் என்பார்கள். எனக்குப் பழகவில்லை, எரிச்சல்தான் கூடுகிறது.

பல்கலைக்கழகம் குருகுலம் அல்ல. ஜோதிடத்தைப் பற்றி ஆய்வேடு எழுதியவர் ஜோதிடர் ஆகிவிட மாட்டார். ரசவாத நூல்களைக் கரைத்துக் குடித்தவருக்கும் பொன் செய்ய வராது. குறி சொல்லப் பயன்படுத்தும் டாரட் சீட்டுகளின் வரலாற்றைப் படித்தால், அது 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் வெறும் விளையாட்டுச் சீட்டாகத் தொடங்கியது என்று தெரியவரும். உங்கள் அடுத்த வருடம் எப்படியிருக்கும் என்று தெரியவராது. இங்கிலாந்தின் எக்சிடர் பல்கலைக்கழகம் 2024இல் மாயவித்தை பற்றிய முதுகலைப் படிப்பைத் தொடங்கியபோது, "அங்கே மந்திரம் சொல்லித்தருகிறார்களாமே?" என்று படித்தவர்களே என்னிடம் கேட்டார்கள். அங்கே சொல்லித்தருவது வரலாறு, இலக்கியம், தத்துவம், தொல்லியல். இது நேற்று முளைத்த துறையும் இல்லை. பாரிஸில் கிறித்தவ மறைஞான வரலாற்றுக்கு 1965லேயே தனி இருக்கை வந்துவிட்டது, ஆம்ஸ்டர்டாமில் 1999இல். அங்கெல்லாம் சித்தி பெறுவது பாடத்திட்டத்தில் கிடையாது.

"அப்புறம் ஏன் கற்பனை, உருமாற்றம் என்றெல்லாம் விளம்பரம் செய்கிறீர்கள்?" நியாயமான கேள்வி, கொஞ்சம் எங்கள் தவறும் இருக்கிறது. கனவுகளைக் குறித்துவைப்பது, ஒரு குறியீட்டை வரைந்து பார்ப்பது, புராணக் கதையை அதன் பாத்திரமாக நின்று எழுதுவது எல்லாம் எங்கள் வகுப்பில் உண்டு. பாரசீக ஞானிகளை ஆழ்ந்து படித்த ஆன்ரி கொர்பேன், இல்லாததைப் புனைகிற கற்பனை வேறு, எதையோ அறிந்துகொள்ள உதவும் கற்பனை வேறு என்று 1964லேயே பிரித்துக் காட்டினார். அந்த இரண்டாவதற்கு ஒழுங்கு வேண்டும், படிப்பு வேண்டும். மனதில் தோன்றியதெல்லாம் அதில் சேராது.

உருமாற்றமும் அப்படித்தான். அமெரிக்கக் கல்வியியலாளர் ஜாக் மெசிரோ 1978இல் இதைப் பற்றி எழுதியது, இடைவெளிக்குப் பின் கல்லூரிக்குத் திரும்பிய பெண்களைக் கவனித்துத்தான், துறவிகளைக் கவனித்து அல்ல. கேள்வியே கேட்காமல் நாம் சுமந்து வந்த நம்பிக்கைகள் ஆட்டம் காண்கின்றன. அவற்றை நாமே சோதித்து, வேண்டியதை மாற்றிக்கொள்கிறோம். ஒளிவட்டம் எதுவும் வராது. முதலில் வருவது பெரும்பாலும் குழப்பமும் சங்கடமும். நாங்கள் மதிப்பெண் போடுவது உங்களுக்கு வந்த காட்சிக்கு அல்ல, அதை நீங்கள் எப்படி விசாரித்தீர்கள் என்பதற்கு. (கனவு அற்புதமாக இருந்தது, மதிப்பெண் ஏன் குறைந்தது என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு.)

இனி சொல்வதைத் தயவுசெய்து கேளுங்கள். தியானமும் கற்பனைப் பயிற்சிகளும் எல்லோருக்கும் ஒத்துவருவதில்லை. சிலருக்குப் பதற்றம் வருகிறது, தூக்கம் கெடுகிறது, தன்னைவிட்டே விலகிய மாதிரி ஆகிறது. மனநலத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் "விழிப்பு வந்துவிட்டது" என்று அதை நிறுத்தாதீர்கள். இரவுகள் தூக்கமின்றிப் போனால் பயிற்சியை விட்டுவிட்டு ஆசிரியரிடம் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள். எல்லாவற்றையும் நோய் என்று எழுதிவிடுவார் என்ற பயத்தில் எதையும் அவரிடம் மறைக்க வேண்டாம். ஆன்மிகச் சிக்கலை நோயென்று முத்திரை குத்தாமல் கவனிக்கத் தனி வகையே அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் 1994 முதல் இருக்கிறது.

பட்டத்தோடு சிகிச்சை செய்யும் உரிமமும் கிடைக்கும் என்று யாராவது ஆசை காட்டினால், எழுத்தில் கேளுங்கள். அதோடு பேச்சு நின்றுவிடும். பாடத்திட்டத்தில் உள்ள நூல்களில் இரண்டையாவது சேருவதற்கு முன்பே படித்துப் பாருங்கள், சலிப்பு தட்டினால் இந்தப் பக்கம் வராதீர்கள். விண்ணப்பத்தில் முற்பிறவிக் கதை வேண்டாம். என்ன படித்தீர்கள், அதில் எங்கே முரண்பட்டீர்கள் என்று எழுதுங்கள். பகுதிநேரமாகப் படிக்க முடியுமா என்றும் கேளுங்கள், வேலையை விடுவதற்கு முன்னால்.