சட்டையோடு கழன்று வரும் பை

கனடாவில் இருக்கும் என் மருமகன், மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட செம்முழங்கால் சிலந்தியின் குஞ்சொன்றை வளர்க்கிறான். யாழ்ப்பாணத்தில் நாம் அஞ்சும் புலிமுகச் சிலந்தியின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. அண்மையில் அது கழற்றிய சட்டையைப் படமெடுத்து அனுப்பி, ஆணோ பெண்ணோ என்று கேட்டிருந்தான். பொருளுள்ள கேள்விதான்: இவ்வினத்துப் பெண் 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடும், ஆண், பருவமடைந்த பின் நெடுநாள் இராது. ஆனால் ஆணுக்குரிய வெளி அடையாளங்கள் கடைசித் தோலுரிப்பில்தான் தெளிவாகத் தோன்றுகின்றன.

பெண்ணின் வயிற்று அடிப்புறத்தில், ஏடுகளை அடுக்கியதுபோன்ற மூச்சுறுப்புகளான ஏட்டு நுரையீரல்களின் முன்சோடிக்கு இடையே குறுக்காக ஒரு பிளவு உண்டு. அதன் உள்ளே, ஆணிடம் பெற்ற விந்தைச் சேமிக்கும் சிறு பை இருக்கிறது. புறத்தோலே உள்நோக்கி மடிந்து இந்தப் பை உருவாவதால், அதன் உட்சுவரும் புறவன்கூட்டைப் போலக் கைற்றின் என்னும் உறுதியான பொருள் கலந்த படலமே. ஆகவே, நாம் சட்டையைக் கழற்றும்போது அதில் தைத்த பையும் கூடவே வருவதுபோல, தோலுரிக்கையில் அந்தப் படலமும் கழன்று வந்துவிடுகிறது. சேமித்திருந்த விந்தும் அதனோடு போய்விடுவதால், வளர்ந்த பெண் மறுபடியும் இணைசேர வேண்டியிருக்கிறது. உடலமைப்பின் ஒரு சிறு மடிப்பு வாழ்க்கை முறையையே தீர்மானிப்பது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

உலர்ந்த சட்டையில் வயிற்றுப் பகுதி கசங்கிச் சுருண்டிருக்கும், விரித்தால் நொறுங்கும். ஒரு துளி திரவச் சவர்க்காரம் கலந்த இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்து, மெல்லிய தூரிகையால் உட்புறம் மேலே தெரியுமாறு விரிக்க வேண்டும். வெண்ணிறத் திட்டுகளாக நான்கு ஏட்டு நுரையீரல்கள் தெரியும். முன்னிரண்டுக்கும் நடுவே, பிளவிலிருந்து எழும் மடல், அதாவது அந்தப் பையின் படலம், இருந்தால் அது பெண். செம்முழங்கால் சிலந்தியில் அது அகன்ற ஒரே மடல். வேறு சில இனங்களில் இரு விரல்கள்போல் பிரிந்திருக்கும். குஞ்சின் சட்டைக்குக் கைவில்லை போதாது, நுணுக்குக்காட்டி வேண்டும்.

மடல் தெரியவில்லை என்பதால் மட்டும் ஆண் என்று முடிவுகட்டக் கூடாது. மிக இளம் பெண்ணில் அது கண்ணுக்குத் தப்பும் அளவு சிறிது, கிழிந்தும் போயிருக்கலாம். சில ஆண்களின் சிறு துணையுறுப்புகள் பைபோலத் தோன்றி ஏமாற்றுவதும் உண்டு.

2012இல் புதிய இனமாக விவரிக்கப்பட்ட, வட இலங்கையின் மாங்குளத்துப் புலிமுகச் சிலந்தியின் சட்டையையும் இவ்வாறே படிக்கலாம். ஆனால் சட்டைக்காக மரப்பொந்தைக் கிளறி அவ்வரிய உயிரைக் குலைத்தல் தகாது.

மருமகன் அனுப்பிய படத்தில் அந்தப் பிளவே கிழிந்திருந்தது. அடுத்த சட்டை கழலும்வரை காத்திருக்குமாறும், கழன்றவுடன் ஈரம் காய்வதற்குள் விரித்து வைக்குமாறும் எழுதியிருக்கிறேன்.