கோடு முழுசாக இருக்கு, நெட் மட்டும் வரலை

மும்பையில் வைஃபை வேலைக்கு என்னைக் கூப்பிடுகிறவர்களில் பலர் ஏற்கெனவே இன்னொரு ரவுட்டர் பெட்டி வாங்கி மாட்டிவிட்டுத்தான் கூப்பிடுகிறார்கள். தாராவி தொண்ணூறடி ரோட்டில் ஒரு துணிக்கடை. கீழே கடை, மேலே தையல் கூடம், நடுவில் இரும்புத் தகடு. தகட்டைத் தாண்டி சிக்னல் ஏறாது என்பதால் மேலே ஒரு பழைய ரவுட்டரை வைத்து, கேபிள் இழுத்துச் சொருகியிருந்தார்கள். யோசனை சரிதான். “தம்பி, சிக்னல் கோடு முழுசாத்தான் காட்டுது, ஆனா நெட்டு வருது, போகுது” என்றார் அண்ணாச்சி.

இந்தச் சிக்கல் சிக்னலில் இல்லை. நம் போனுக்கு ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதன் அடையாள எண், கொடுப்பது ரவுட்டருக்குள் இருக்கும் டிஎச்சிபி என்ற வசதி. இரண்டு பெட்டியிலும் அது ஓடினால் எது முந்துகிறதோ அது கொடுத்ததை போன் வாங்கிக்கொள்ளும். மேல் பெட்டி கொடுத்தால் அது ‘எல்லாவற்றையும் என்னிடமே அனுப்பு’ என்றும் சேர்த்துச் சொல்லிவிடும், அதற்கோ வெளியே போக வழி கிடையாது. போதாததற்கு இரண்டு பெட்டிக்கும் 192.168.1.1 என்று ஒரே முகவரி வேறு. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் போட்டால் தபால்காரர் என்ன செய்வார்?

மேல் பெட்டியின் செட்டிங்கில் ஆக்சஸ் பாயின்ட் மோடு (முகவரி கொடுக்காமல் சிக்னலை மட்டும் பரப்பும் நிலை) இருந்தால் அதைத் தட்டிவிட்டால் போதும். பழைய மாடலில் அது இருக்காது. அப்போது பெட்டியைத் தனியாக லேப்டாப்பில் இணைத்து முகவரியை 192.168.1.250 மாதிரி ஒன்றுக்கு, அதாவது கீழ் ரவுட்டர் போன்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் எண்களுக்கு வெளியே, மாற்றிக்கொள்ளுங்கள், அப்புறம் டிஎச்சிபியை அணையுங்கள், கடைசியாகக் கேபிளை, வெளியிலிருந்து நெட் வரும் வான் (WAN) போர்ட்டில் இல்லாமல், உள்ளே இருக்கும் கருவிகளுக்கான லேன் (LAN) போர்ட்டில் சொருகுங்கள்.

சேனலும், அதாவது பெட்டி பேசும் அலைவரிசையின் எண்ணும், முக்கியம். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 மட்டுமே. தாராவியிலோ செம்பூர் அடுக்குமாடியிலோ போனில் தேடினால் பக்கத்து வீட்டுப் பெயர்கள் பக்கம் பக்கமாக வரும், அதில் நம் இரண்டு பெட்டியும் ஒரே சேனலில் நின்று ஒன்றையொன்று அமுக்கிக்கொள்வானேன். சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாகவே வையுங்கள். வேகம் வேண்டியவர்கள் 5 ஜிகாஹெர்ட்ஸுக்குப் போகட்டும், அது சுவரைத் தாண்டச் சிரமப்படும், ஆனால் பெட்டி அதே அறையில் இருக்கிறதே! கேபிள் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு போட்ட கேபிள் மலிவு, அதன் வழியாகவே கரன்ட்டும் அனுப்பினால் சூடாகும்.

நெட் வந்ததும் எல்லாரும் பெட்டியை மறந்துவிடுகிறார்கள். 2008 அகமதாபாத் குண்டுவெடிப்பின்போது வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒருவர் பூட்டாமல் விட்டிருந்த வைஃபை வழியாகப் போயிருந்தது. விசாரணை முதலில் வந்து நின்றது அவர் வீட்டு வாசலில்! பெட்டிக்குள் நுழையும் அட்மின் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள், வைஃபைக்கு டபிள்யூபிஏ2 என்ற பூட்டு முறைக்குக் கீழே இறங்காதீர்கள். பாஸ்வேர்டு தட்டாமலே வைஃபையில் சேர வைக்கும் டபிள்யூபிஎஸ் பின்னை அணைத்தே வையுங்கள். எட்டு இலக்கம் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம், பெட்டி அதை இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்ப்பதால் அதிகபட்சம் 11,000 முறை முயன்றால் திறந்துவிடும் என்பது 2011லேயே வெளியான சங்கதி.

வாடிக்கையாளருக்கும் வைஃபை வேண்டும் என்றார் அண்ணாச்சி. விருந்தாளிகளுக்கென்று தனியாகப் பிரித்த கெஸ்ட் நெட்வொர்க் போட்டுக் கொடுத்துவிடலாம், ஆனால் ஆக்சஸ் பாயின்ட்டாக மாற்றிய பெட்டியில் சில மாடல்கள் கெஸ்ட்டைத் தனியாகப் பிரிப்பதில்லை, பெயர் மட்டும்தான் கெஸ்ட். சோதிப்பது சுலபம்: கெஸ்ட்டில் சேர்ந்த போனில் கேமரா டிவிஆரின், அதாவது கடைக் கேமராப் பதிவுப் பெட்டியின், முகவரியைத் தட்டுங்கள். இந்தக் கடையில் மேல் பெட்டியின் கெஸ்ட்டிலிருந்து தட்டினேன், லாகின் பக்கம் பளிச்சென்று திறந்தது. கீழ் ரவுட்டரின் கெஸ்ட்டில் திறக்கவில்லை. மேலே கெஸ்ட்டை அணைத்துவிட்டேன். வாடிக்கையாளர் எப்படியும் கீழேதான் நிற்கிறார்.